ஒன்பது சதுர அடியால் நின்ற வீட்டு அனுமதி

பாலக்கோடு பக்கம் எங்கள் மனை, கிரயப் பத்திரப்படி 45-க்கு 60, அதாவது 2,700 சதுர அடி. 2,500-க்குள் இருந்தால் 2024-இல் வந்த சுயசான்று வழியிலேயே (விவரங்களுக்கு நாமே உறுதி கொடுத்து வீட்டு அனுமதி வாங்கும் முறை) முடிந்திருக்கும். எங்களுடையது அதைத் தாண்டியதால் வழக்கமான விண்ணப்பம்தான். 'பரப்பளவு பொருந்தவில்லை' என்று திரும்பத் திரும்ப வந்தது.

புதிதாக வில்லங்கச் சான்று எடுத்துப் போட்டோம். புலப்பட (நிலத்தின் அளவு வரைபடம்) நகல் வாங்கிச் சேர்த்தோம். பொறியாளர் பக்கத் திறவிடங்களையும் (வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலி இடம்) மறுபடி சரிபார்த்தார். பலன் இல்லை, நாட்கள்தான் போயின.

அப்புறம்தான் பட்டாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்திரம் சதுர அடியில் பேசுகிறது, பட்டா ஹெக்டேர்-ஏர் கணக்கில். எங்கள் பட்டாவில் 0 – 2.50, அதாவது 0 ஹெக்டேர், 2.50 ஏர். ஒரு ஏர் என்றால் 100 சதுர மீட்டர். ஆக 250 சதுர மீட்டர், சுமார் 2,691 சதுர அடி. வீட்டு வரைபடத்திலோ பத்திரப்படி 250.84 சதுர மீட்டர். பட்டாவைவிட ஒன்பது சதுர அடி கூடுதல்!

வரைபடத்தின் பரப்பளவு அட்டவணையில் பட்டா அளவான 250-ஐயே மனையின் அளவாகப் போட்டு, தளப்பரப்பு விகிதத்தையும் (மனை அளவுக்கு எத்தனை மடங்கு கட்டடப் பரப்பு என்ற கணக்கு) அதை வைத்தே கணக்கிட்டுப் பதிவேற்றினோம். வீட்டின் அளவில் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. கட்டணச் சீட்டு வந்தது, கட்டினோம், அனுமதி கைக்கு வந்தது. பெரிய நிம்மதி.