ஹார்ட் டிஸ்க் செருகினால் மவுஸ் தடுமாறுகிறதா?

வெளி ஹார்ட் டிஸ்க்கில் கோப்புகளை நகலெடுக்கும்போது மட்டும் என் வயர்லெஸ் மவுஸ் தடுமாறும். கர்சர் நின்று நின்று குதிக்கும். வயர்லெஸ் கீபோர்டில் தட்டிய எழுத்துகளில் சில காணாமல் போகும். நகலெடுத்து முடிந்ததும் இரண்டும் சமர்த்தாக வேலை செய்யும். பேட்டரி மாற்றினேன், டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினேன். பலன் இல்லை.

கோளாறு, செருகிய இடத்தில் இருந்தது. மவுஸின் ரிசீவர் (அதன் சிக்னலை வாங்க, கணினியின் போர்ட்டில் செருகும் சிறு துண்டு) இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். யூ.எஸ்.பி. 3.0 போர்ட்டில் தரவு வேகமாக ஓடும்போது, கேபிளும் இணைப்பியும் அதே அலைவரிசைப் பகுதியில் ரேடியோ இரைச்சலைக் கசியவிடும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறது. என் ரிசீவரோ டிஸ்க் கேபிளுக்கு ஒட்டினாற்போலப் பக்கத்துப் போர்ட்டில்! சந்தைக் கூச்சலில் ரகசியம் பேசுவது மாதிரிதான்.

சரி, தீர்வு? ஒரு சாதாரண யூ.எஸ்.பி. 2.0 நீட்டிப்புக் கேபிளின் முனையில் ரிசீவரைச் செருகி, மவுஸுக்கு அருகே கொண்டுவந்தேன். தடுமாற்றம் உடனே நின்றது. மேசைக் கணினி என்றால் கேபிள்கூட வேண்டியதில்லை. டிஸ்க்கைப் பின்பக்கமும் ரிசீவரை முன்பக்கமும் செருகினாலே பெரும்பாலும் போதும். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் இவற்றுக்கெல்லாம் 3.0 வேகம் எதற்கு? உள்ளே கருப்பாக இருக்கும் 2.0 போர்ட்டுகளே தாராளம். நீல நிறப் போர்ட்டுகளை டிஸ்க்குக்கு விட்டுவிடலாம். (எல்லாத் தயாரிப்பாளர்களும் இந்த நிற வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை.)

புளூடூத் ஹெட்செட்டும் இதே அலைவரிசைதான். அதில் பாட்டு விட்டுவிட்டுக் கேட்டால், டிஸ்க்கை முறைப்படி வெளியேற்றிக் கழற்றிவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.