சிமெண்ட் கடைக்கு மாதச் சந்தா ஆகுமா? பேரேட்டை வைத்துப் பார்க்கும் முறை

வாடிக்கையாளர் மாதம் இவ்வளவு என்று கட்டிக்கொண்டே வருவார், நாம் சரக்கு அனுப்பிக்கொண்டே இருக்கலாம், கடைக்கு நிலையான வருமானம் என்று சொல்லிக்கொண்டு மென்பொருள் விற்கிற தம்பிகள் கோயமுத்தூரிலிருந்து லேப்டாப்போடு வருகிறார்கள். காங்கேயம் – சென்னிமலை ரோட்டில் எங்களுக்கு சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட் வியாபாரம். கணக்கு நான்தான் பார்க்கிறேன். எங்களைப் போன்ற கடைகளுக்குப் பெரும்பாலும் இது ஆகாது என்பது என் முடிவு. உங்கள் கடைக்கு ஆகுமா என்பதை உங்கள் பேரேடே சொல்லிவிடும். எப்படிப் பார்ப்பது என்று எழுதுகிறேன்.

போன வருடப் பேரேட்டை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஓர் எழுத்துப் போடுங்கள். சொந்த வீடு கட்டினவர் என்றால் 'வீ'. மேஸ்திரி, காண்ட்ராக்டர் என்றால் 'மே'. ஹாலோ பிளாக் போடுகிறவர், அரிசி மில், ஒர்க்‌ஷாப் என்றால் 'தொ'. எங்கள் பக்கம் 'வீ'தான் அதிகம். கடைக்கால் தோண்டும்போது வருவார், பால் காய்ச்சும் வரைக்கும் வருவார், அப்புறம் கோயிலில் பார்த்தால் சிரிப்பார், அவ்வளவுதான். அவருக்குச் சந்தா போட்டு என்ன செய்வது? 'வீ' முக்கால்வாசி இருந்தால் அந்தத் தம்பிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

இல்லை, யோசிக்கலாம் என்று தோன்றினால் ஒரே ஒரு வீட்டை எடுத்து காலண்டரில் போட்டுப் பாருங்கள். 1000 சதுர அடி வீட்டுக்கு ஏறத்தாழ 400 மூட்டை சிமெண்ட் என்பது மேஸ்திரிகளின் கைக்கணக்கு. 12 மாதத்துக்குப் பங்கு வைத்தால் மாதம் 33 மூட்டை. காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. இப்போது தளம் போடுகிற நாளைப் பாருங்கள். 5 அங்குல கனத்தில் 1000 சதுர அடித் தளத்துக்கு 417 கன அடி கான்கிரீட், அதாவது 12 கனமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எம்20 ரகக் கான்கிரீட் கலவைக்குக் கனமீட்டருக்கு 8 மூட்டை என்றால் 95 மூட்டை ஆகிறது, பீமையும் சேர்த்தால் நூறைத் தாண்டும். அத்தனையும் காலை ஏழு மணிக்குள் இறங்கியிருக்க வேண்டும். கலவை மெஷின் வந்து நிற்கும், ஆட்கள் நிற்பார்கள். அதற்கப்புறம் முட்டுப் பிரிக்கிற வரைக்கும் இரண்டு வாரம் உள்ளே வேலை ஓடாது, சிமெண்டும் அவ்வளவாகத் தேவைப்படாது. 33 மூட்டை திட்டத்தில் ஒரு மாதம் சரக்கு போதாது, அடுத்த மாதம் சரக்கு வைக்க இடம் இருக்காது.

வண்டி வாடகையையும் அதே காகிதத்திலேயே போட்டுவிடுங்கள். 33 மூட்டை என்றால் 1650 கிலோ. 750 கிலோ தாங்குகிற குட்டியானை வண்டியில் சட்டப்படி ஏற்றினால் மூன்று நடை. லாரியில் ஒரே நடையாகப் போகிற சரக்கைத் துண்டு துண்டாக அனுப்பினால் வாடகையும் இறக்கு கூலியுமே லாபத்தைத் தின்றுவிடும்.

காசு வருகிற விதமும் மாதக் கணக்கில் இல்லை. மஞ்சள் போட்டவர் ஈரோட்டில் விற்றதும் வருவார். தென்னந்தோப்பு வைத்திருப்பவர் காய் வெட்டினால் வருவார். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர் வீட்டில் சனிக்கிழமைச் சம்பளம். வங்கிக் கடன் வாங்கிக் கட்டுகிறவருக்கோ கட்டடம் எழும்ப எழும்பத் தவணை தவணையாகத்தான் பணம் விடுவிப்பார்கள். மாதச் சம்பளக்காரர்கள் இருக்கிறார்கள்தான், அவர்களுக்கும் வீட்டுக் கடன் தவணை முன்னால் நிற்கிறது.

சிமெண்ட் சேர்த்து வைக்கிற பொருளும் இல்லை. மூட்டையில் தயாரித்த வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும், அதைப் பார்க்கச் சொல்லி வாடிக்கையாளருக்கும் பழக்குங்கள். நல்ல குடோனிலேயே மூன்று மாதத்தில் வலு ஐந்தில் ஒரு பங்கு குறையலாம். பலகை போட்டு, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, பத்து மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்கினால்தான் அந்தக் கணக்கே. மாதச் சரக்கை சைட்டில் தார்ப்பாய்க்கு அடியில் இறக்கிவிட்டு ஐப்பசி மழை வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூட்டை கட்டியாகத் தெரிந்தால் தரையில் இரண்டு தடவை உருட்டிவிட்டுப் பிரியுங்கள். உள்ளே இருக்கிற கட்டியை விரலால் நசுக்குங்கள். மாவாக உதிர்ந்தால் அடுக்கின பாரத்தில் இறுகினது, பாதகமில்லை. நகத்தை வைத்துக் கீறினாலும் கல்லாக நின்றால் ஈரம் குடித்த சரக்கு. தளத்துக்குப் போகக் கூடாது. சந்தாவில் அனுப்பின மூட்டை அப்படி ஆனால் அந்த வீட்டுக்காரர் வானத்தைத் திட்ட மாட்டார், நம் கடை போனுக்குத்தான் கூப்பிடுவார்.

இனி விலை. சந்தாவை உடைக்கிறது பெரும்பாலும் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 2021இல் கோயமுத்தூர் தடாகம் பக்கம் செங்கல் சூளைகள் மூடப்பட்டன. 2022 மார்ச், ஏப்ரலில் உக்ரைன் போரோடு கம்பி விலை ஏறியது; மே மாதம் எஃகு ஏற்றுமதிக்கு மத்திய அரசு வரி போட்டதும் இறங்கியது; நவம்பரில் அந்த வரியையும் எடுத்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில் கனிம நிலத்துக்கு மாநில அரசின் தனி வரி நடைமுறைக்கு வந்து ஜல்லி, எம்-சாண்ட் விலையை ஏற்றியது. அதே வருடம் செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அடிப்படை விலை 300 என்று வைத்துக்கொண்டால் 384 ரூபாய் மூட்டை 354 ஆகிவிட்டது. வருடத்துக்கு ஒரே ரேட் என்று சந்தா பேசியிருந்தால் விலை இறங்கின அன்றைக்கே அவர் நிறுத்திவிட்டு எதிர்க் கடைக்குப் போவார். ஏறினால் விடாமல் கட்டுவார், நட்டம் நமக்கு. "அன்றைய ரேட்" என்று எழுதிக்கொண்டால் இந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் அப்புறம் அவர் எதற்காகச் சந்தா கட்ட வேண்டும்?

தானாக வங்கியிலிருந்து பிடித்துக்கொள்ளும் என்று விற்கிறவர் சொல்வார். கார்டிலோ யுபிஐயிலோ 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு தடவையும் வாடிக்கையாளரின் ஒப்புதல் வேண்டும். நம் சரக்கில் 15,000 என்பது நாற்பது மூட்டைச் சமாச்சாரம். இன்னொன்று, சரக்குக்கு வாங்குகிற முன்பணத்துக்கு உடனே ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை, பில் போடும்போது கட்டினால் போதும். உறுப்பினர் கட்டணம் என்று தனியாக வாங்கினால் அது சேவை, கணக்கு வேறு. ஊர்ப்பணம் மாதாமாதம் வாங்கிச் சேர்த்து, போனஸ், திருப்பித் தருகிறோம் என்றெல்லாம் பேசினால் 2019இல் வந்த முறைப்படுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டம் வரைக்கும் இழுக்கும், ஆடிட்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்புத் திட்டத்தில் கட்டி ஏமாந்த பணத்தை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. முன்பணம் என்று வாயெடுத்தாலே "ஏனுங்கக்கா, ஈமு மாதிரியா?" என்று கேட்பார்கள்.

சரி, எங்கே ஆகும்? 'தொ' போட்ட பெயர்களைப் பாருங்கள். ஹாலோ பிளாக் களத்துக்காரருக்கு வாரம் தவறாமல் சிமெண்டும் கால் ஜல்லியும் வேண்டும். அவரோடு வாரச் சப்ளை பேசலாம், ரேட்டை மட்டும் மாதம் ஒரு தடவை திருத்துகிற மாதிரி. தளத்துக்கு முட்டுக் கொடுக்கிற சென்ட்ரிங் ஷீட், ஜாக்கி வாடகைக்கு விடுகிறீர்கள் என்றால் மாதக் கட்டணம் இயல்பாகவே பொருந்தும், ஏனென்றால் அங்கே பொருள் திரும்பி வருகிறது. மேஸ்திரிகளுக்கு வேண்டியது கடன் வரம்பு.

வீடு கட்டுகிறவருக்கு நாங்கள் செய்வது கட்டம் கட்டமான ஆர்டர். கடைக்கால், லிண்டல், தளம், பூச்சு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இஞ்சினியரிடம் தேதி கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். தளத்துக்குப் பத்து நாள் முன்னால் முன்பணம் கொடுத்தால் அந்தச் சரக்குக்கு மட்டும் ரேட்டைப் பிடித்து வைக்கிறோம். சீட்டில் சிமெண்ட் கம்பெனி, ரகம், கம்பி எத்தனை எம்எம், ரேட் எந்தத் தேதி வரை, இறக்கு கூலி யாருடையது, பிரிக்காத மூட்டையை எத்தனை நாளில் திருப்பி எடுப்போம் என்பதெல்லாம் இருக்கும். கம்பிக்கு எண்ணிக்கை, எடை இரண்டையும் எழுதுங்கள்: 12 மீட்டர் நீளத்தில் 8 எம்எம் கம்பி 4.74 கிலோ, 12 எம்எம் 10.66 கிலோ. எடைமேடைச் சீட்டு வந்ததும் இரண்டையும் ஒத்துப் பார்த்தால் சண்டை வராது. மென்பொருள் வாங்கத்தான் வேண்டும் என்றால் இந்தத் தேதிகளை ஞாபகப்படுத்துகிற மாதிரி ஒன்று போதும், சந்தாப் பகுதிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

"மாசம் பத்தாயிரம் கட்டி வெச்சுக்கறனுங்க, ஆவணியில சரக்கு எடுத்துக்கறேன்" என்று வாடிக்கையாளரே கேட்பதும் உண்டு. வங்கியில் ஆர்.டி. (மாதாமாதம் கட்டுகிற தொடர் வைப்பு) போடச் சொல்லுங்கள், ஆறு மாதத்துக்கும் போடலாம், வட்டி அவருக்கு. முதிர்கிற தேதியை வாங்கி உங்கள் டைரியில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் அன்றைய கம்பி ரேட்டோடு கூப்பிடுங்கள்.