நகராட்சி வேலையில் பாகுபாடு பற்றிய வாக்கெடுப்பு: ஹூஸ்டனில் ‘ஆம்’ போடும் முன்

டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில், நகரச் சட்டங்கள் பற்றி மக்களிடம் ‘ஆம்’, ‘இல்லை’ கேட்கும் நகர முன்மொழிவுகள் வாக்குச்சீட்டில் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். களைத்த கண்ணோடு இரண்டு வரிக் கேள்வியைப் படித்துவிட்டு விரல் போன பக்கம் அழுத்திவிடாதீர்கள். அந்த இரண்டு வரி வெறும் சுருக்கம். முழு வாசகத்தை நகரச் செயலாளர் அலுவலகத்தில் வாங்கி, வீட்டிலேயே படித்துவிடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, ‘ஆம்’ என்றால் சட்டம் இருக்குமா, போகுமா என்பது. 2014 மே மாதம் நகர மன்றம் 11-6 என்ற கணக்கில் சம உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. நகராட்சி வேலை, ஒப்பந்தம், வீட்டு வாடகை, பொது இடங்கள் என எல்லாவற்றிலும் 15 வகைப் பாகுபாடுகளை அது தடுத்தது. எதிர்ப்பாளர்கள் வாக்கெடுப்பு கோரி மனுக் கொடுத்தார்கள். 2015இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் வாக்கெடுப்புக்கு வழிவிடச் சொன்னது. நகராட்சி கேள்வியை ‘ரத்து செய்யலாமா?’ என்று அமைத்தது, ‘சட்டத்தை ஆதரிக்கிறீர்களா?’ என்றுதான் கேட்க வேண்டும் என்று நீதிமன்றம் அதை மாற்ற வைத்தது. ஒரே சட்டத்துக்கு ஆகஸ்ட் மாதத்திலேயே ‘ஆம்’ என்பதன் பொருள் தலைகீழானது. ஆகவே பழைய துண்டறிக்கையை நம்ப வேண்டாம். அச்சான மாதிரி வாக்குச்சீட்டை வைத்தே முடிவெடுங்கள். நவம்பரில் 61 சதவீதம் ‘இல்லை’ விழுந்து சட்டம் வீழ்ந்தது. இந்தச் சட்டத்தால் பெண்கள் கழிப்பறைக்குள் ஆண்கள் நுழைவார்கள் என்று எதிர்ப்பாளர்கள் சொல்ல, பிரசாரம் முழுக்கக் கழிப்பறையைச் சுற்றியே நடந்ததால், வேலை, வாடகை பற்றிய பிரிவுகளைப் பலர் படிக்கவே இல்லை என்பது எங்கள் வருத்தம்.

அடுத்தது, இது சாதாரண நகரச் சட்டமா, நகரத்தின் அடிப்படைச் சட்டமான சாசனத்துக்கான திருத்தமா? சாதாரணச் சட்டத்தை நகர மன்றமே பிறகு மாற்றலாம். சாசனத்தை மாற்ற மறுபடி மக்கள் வாக்கு வேண்டும். டெக்சஸில் சாசனத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் திருத்தவும் முடியாது. 2001இல் வந்தது சாசனத் திருத்தம். நகர ஊழியர், அவரது சட்டப்படியான துணை, சார்ந்திருக்கும் பிள்ளைகள் தவிர வேறு யாருக்கும் பணிச் சலுகை கூடாது என்றது. நகர மன்றமோ மேயரோ இதை மீற முடியாதபடியும் எழுதப்பட்டது. ஆனால் ‘சட்டப்படியான துணை’ என்ற சொல்லைப் பிடித்துத்தான், 2013இல் மேயர் அனீஸ் பார்க்கர், வேறு மாநிலத்தில் மணம் முடித்த தற்பாலினத் துணைகளுக்கும் காப்பீட்டைக் கொடுத்தார். அதற்கும் வழக்கு வந்தது. ‘துணை’, ‘சலுகை’, ‘சட்டம் கோரினாலன்றி’ போன்ற சொற்களைப் பென்சிலால் கோடிட்டுப் படியுங்கள். வழக்குகள் முளைப்பது அங்கேதான்.

மூன்றாவது, வாக்கெடுப்பில் தோற்றால் எது போகும், எது போகாது? 1985இல் பாலின ஈர்ப்பின் பேரில் நகராட்சி வேலையில் பாகுபாடு கூடாது என்ற சட்டம், நான்குக்கு ஒன்று என்ற அளவில் தோற்றபோது, வேறு காப்பு எதுவும் இல்லை. 2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாஸ்டக் வழக்கில் கூட்டாட்சி வேலைச் சட்டமே பாலின ஈர்ப்பின் பேரில் பாகுபாட்டுக்கு ஆளாகும் ஊழியர்களைக் காக்கும் என்றது. அதை நகர வாக்கெடுப்பால் பறிக்க முடியாது. டெக்சஸில் பாகுபாடு நடந்த நாளிலிருந்து கூட்டாட்சி சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் கொடுக்க 300 நாள், மாநிலத் தொழிலாளர் ஆணையத்திடம் 180 நாள். குறைந்த நாளையே கெடுவாக வையுங்கள்.

வாக்குச்சாவடியில், வாக்களிக்கும் இடத்திலிருந்து 100 அடிக்குள் கைபேசியைப் பயன்படுத்தக் கூடாது. எதற்கு எப்படி வாக்களிப்பது என்ற உங்கள் முடிவுகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அதற்குத் தடையில்லை. வாக்குச்சீட்டு தமிழில் கிடைக்காது. ஆங்கிலம் படிக்கச் சிரமப்படும் பெற்றோர், மகனையோ மகளையோ பக்கத்து வீட்டுக்காரரையோ உதவிக்கு அழைத்துப் போகலாம். கூட்டாட்சி வாக்குரிமைச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. உதவுபவர் அவர்களுடைய முதலாளியாகவோ தொழிற்சங்கப் பிரதிநிதியாகவோ இருக்கக் கூடாது. உதவுபவர் உறுதிமொழியும் எடுக்க வேண்டும், அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.