சேர்ந்து வாழும் வீட்டில் "ஆளுக்குக் கொஞ்சம்தானே" என்று சொல்வதற்கு முன்

"இந்த சோபாவை மாத்திடலாமே, ஆளுக்குக் கொஞ்சம்தானே" என்று ஒருவர் சொல்வார், இன்னொருவர் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கையில் காசில்லை என்று ஐந்து பேர் முன்னால் சொல்ல யாருக்கும் வாய் வராது.

முதலில் வாடகை. சமமாகப் பிரிப்பது நியாயம் மாதிரி தெரியும், ஆனால் மூன்று பேரின் வருமானம் 5:3:2 என்று இருந்தால் 100 ரூபாய் செலவில் 50, 30, 20 என்று பிரிப்பதும் ஒரு நியாயம்தான். சம்பளத்தை எல்லாரிடமும் சொல்லப் பிடிக்கவில்லையா, கடனும் வீட்டுக்கு அனுப்பும் பணமும் சம்பளக் கணக்கில் தெரியாதே என்கிறீர்களா, சரி, ஆளுக்கொரு சீட்டில் தன்னால் முடிந்த தொகையைப் பெயரோடு எழுதி, கணக்குப் பார்ப்பவரிடம் மட்டும் கொடுக்கட்டும். அவர் மொத்தத்தை மட்டும் சொல்வார், குறைந்தால் இன்னொரு சுற்று.

"யார் பார்க்கிறாரோ அவரே வாங்கிவிட வேண்டியது, அப்புறம் பிரிச்சுக்கலாம்" என்ற வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். முன்னால் போட்டு வாங்கக் கையிருப்பு வேண்டும், இல்லாதவர் மாதக் கடைசியில் சோப்பு தீர்ந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார், அவருக்குப் பொறுப்பில்லை என்று பெயர் வரும். ஒரு மாதப் பொதுச்செலவை முன்கூட்டியே பொது நிதியில் போட்டு வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

வேலைப் பங்கீடுதான் கஷ்டமான இடம். காசு குறைவாகத் தருபவர் அதற்குப் பதில் வீட்டைக் கூட்டிப் பெருக்கட்டும் என்று நல்ல மனதோடுதான் யாராவது ஆரம்பிப்பார்கள், ஆறு மாதத்தில் கூட இருப்பவர் வேலைக்காரர் ஆகிவிடுவார். தயவுசெய்து வேண்டாம். வேலையையும் பணத்தையும் தனித்தனியாக வையுங்கள், கழிவறை கழுவும் முறை எல்லாருக்கும் வரட்டும். வெளியாள் வைப்பது என்றாலும் யோசியுங்கள்: வேலைக்கு ஆள் இருந்த வீட்டில் வளர்ந்தவர் குடித்த டம்ளரைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போவார், அடுத்த வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாவின் பிள்ளைக்கு அந்த ஆள் வேலை செய்யும்போது உட்கார்ந்திருக்கவே முடியாது.

கூட்டம் போட்டுப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். கூட்டத்தில் பேசிப் பழகியவர்தான் ஜெயிப்பார். விதியே இல்லாத குழுவிலும் அதிகாரம் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அதனால் யாரும் கேள்வி கேட்க முடியாது என்று அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃபிரீமன் 1970-களின் தொடக்கத்தில் பெண்ணியக் குழுக்களைப் பார்த்து எழுதினார். பேசப்போவதை முந்தின நாளே எழுதி ஒட்டுங்கள், சுற்றி வந்து ஒவ்வொருவரும் பேசட்டும், செலவு பற்றிய முடிவை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். ஷிப்டில் இருப்பவர் இல்லாத நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள்.

எங்களோடு இரண்டு வருடம் இருந்தவர் ஒருவர், வாடகையை ஒருநாள் தவறியதில்லை, தங்கையை ஒரு ராத்திரி தங்க வைக்கக்கூட அனுமதி கேட்பார். நல்ல பண்பு என்றே நினைத்திருந்தேன். அவர் காலி செய்த அன்றுதான் கவனித்தேன், ஹாலிலோ சமையலறையிலோ அவருடைய பொருள் ஒன்றுகூட இல்லை, எல்லாம் அவர் அறையிலிருந்தே பெட்டிக்குப் போயின. அதற்குப் பிறகு புதிதாக யார் வந்தாலும், அவர் வருவதற்கு முந்தின நாளே ஹால் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து துடைத்து வைத்துவிடுகிறேன்.