மலைக்குளிரில் டிகாக்‌ஷன் தண்ணியாக இறங்குகிறதா?

காப்பிப் பொடியைக் குறை சொல்லும் முன் உயரத்தைப் பாருங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், கொடைக்கானலிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஆகவே, 'கொதித்த பிறகு கொஞ்சம் ஆறவிட்டு ஊற்று' என்ற சமவெளிப் பக்குவம் இங்கே உதவாது. தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்ற வேண்டும்.

அதற்கும் முன்னால், ஃபில்டரின் இரண்டு அடுக்கிலும் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டு, ஈரம் போகத் துடையுங்கள். சில்லிட்ட பாத்திரமே பாதிச் சூட்டை விழுங்கிவிடும்.

இரண்டு பேருக்கு 25 கிராம் பொடி, 150 மில்லி தண்ணீர். பொடியைச் சமமாகப் பரப்பி, குடையை (பொடிமேல் வைக்கும் காம்புள்ள துளைத் தட்டு) லேசாக வையுங்கள், அழுத்தினால் சொட்டாது. முதலில் பொடி நனையுமளவு மட்டும் ஊற்றி அரை நிமிடம் விட்டு, மீதியை ஊற்றி மூடி, தடித்த துண்டால் சுற்றிவிடுங்கள். இருபது நிமிடம் போதும். ஐந்தே நிமிடத்தில் இறங்கிவிட்டால் அரைப்பு கொரகொரப்பு. அரை மணியாகியும் நின்றால் நைஸாக அரைத்திருக்கும், அல்லது சிக்கரி கூடுதல். அது நனைந்ததும் ஊறி வழியை அடைக்கும். கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்து அரபிகா காப்பிக்கு நூற்றுக்குப் பதினைந்து சிக்கரியே தாராளம்.

ஆறிய டிகாக்‌ஷனை அடுப்பில் ஏற்றாதீர்கள், கசந்துவிடும். வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றி, பொங்கிய பாலில் கலக்கலாம்.

பொடியைப் பத்து நாளுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். மூடுபனி ஈரத்தில் கட்டிதட்டி, வாசனை போய்விடும்.