பயிர்க்கடன் வாங்கும் முன்: திருப்பிச் செலுத்தும் திறனைக் கணக்கிடும் முறை

உலகில் 60 கோடிக்கும் மேற்பட்ட பண்ணைகள் உள்ளன. அவற்றில் நூற்றுக்கு 84 பண்ணைகள் இரண்டு ஹெக்டேருக்கும் குறைவானவை என்று 2021-இல் வெளியான ஒரு கணிப்பு கூறுகிறது. மொத்த விளைநிலத்தில் இவற்றின் பங்கு ஏறத்தாழ எட்டில் ஒன்றுதான். இந்தச் சிறு நிலத்தை வைத்திருப்பவர் கடன் கேட்டுப் போகும்போது, "என்ன அடமானம் தருவீர்கள்?" என்பதே பெரும்பாலும் முதல் கேள்வியாக இருக்கிறது. விளைச்சல் குறைந்த ஆண்டில் எந்தப் பணத்திலிருந்து தவணை கட்டுவீர்கள் என்ற கேள்வியைக் கடன் கொடுப்பவரும் அரிதாகவே கேட்கிறார், வாங்குபவரும் தமக்குள் அரிதாகவே கேட்டுக்கொள்கிறார். என் கருத்தில் அதுவே முதற்கேள்வி. அதற்கு விடை காணும் கணக்கை ஒரே தாளில் போட்டுவிடலாம். கடன் கிடைப்பதற்கும் அந்தத் தாளே துணை நிற்கும். விவசாயி தாமே போடலாம்; வீட்டில் படித்த பிள்ளைகளோ கூட்டுறவுச் சங்க ஊழியரோ உடன் அமர்ந்தும் போடலாம்.

கீழே வரும் தொகைகள் கற்பனையானவை. எந்த நாட்டு நாணயமாக இருந்தாலும் கணக்குப் போடும் முறை ஒன்றே.

படி 1: மாதவாரியாக வரவு செலவை எழுதுங்கள்

பருவம் முழுவதற்கும் சேர்த்து "சாகுபடிச் செலவு இவ்வளவு" என்று ஒரே தொகையாக எழுதுவதால் பயனில்லை. பணம் எந்த மாதத்தில் கையை விட்டுப் போகிறது, எந்த மாதத்தில் வருகிறது என்பதுதான் கடனைத் தீர்மானிக்கிறது. ஆகவே உழவிலிருந்து விற்பனைப் பணம் கைக்கு வரும் நாள்வரை ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். ரொக்கமாகச் செலவாவதை மட்டுமே சேர்க்க வேண்டும். குடும்பத்தினர் தாமே செய்யும் வேலைக்குக் கூலி எழுத வேண்டாம். ஆனால் வீட்டுச் செலவைக் கட்டாயம் எழுத வேண்டும். பயிருக்கென வாங்கிய கடனில் ஒரு பகுதி மருத்துவத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போவது ஒழுக்கக் குறைவு ஆகாது. வீட்டுக்கும் வயலுக்கும் பணப்பை ஒன்றாக இருப்பதன் இயல்பான விளைவு அது.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்தின் கையிருப்பு 15,000. மாத வீட்டுச் செலவு 8,000; பால் விற்றும் கூலிக்குப் போயும் வரும் மாத வரவு 6,500. ஆக, பயிரைக் கணக்கில் கொள்ளாமலேயே மாதந்தோறும் 1,500 பற்றாக்குறை. பயிர்ச் செலவு பின்வருமாறு:

முதல் மாதம், உழவும் விதையும்: 14,000
இரண்டாம் மாதம், உரம்: 9,000
மூன்றாம் மாதம், களையெடுப்பு: 7,000
நான்காம் மாதம், உரமும் மருந்தும்: 6,000
ஐந்தாம் மாதம்: பயிர்ச் செலவு இல்லை
ஆறாம் மாதம், அறுவடையும் வண்டி வாடகையும்: 12,000

விற்பனைப் பணம் ஏழாம் மாதத் தொடக்கத்தில் வருகிறது.

படி 2: அதிகபட்சப் பற்றாக்குறையைக் கண்டறியுங்கள்

கையிருப்பிலிருந்து தொடங்கி மாதந்தோறும் கழித்துக்கொண்டே வாருங்கள். இந்தக் குடும்பத்துக்கு முதல் மாத இறுதியில் 500 குறைகிறது. அடுத்தடுத்த மாதங்களில் அது 11,000, 19,500, 27,000, 28,500 என்று வளர்ந்து, ஆறாம் மாத இறுதியில் 42,000-ஐத் தொடுகிறது. விற்பனைப் பணம் வருவதற்கு முன் பற்றாக்குறை தொடும் இந்த உச்சமே தேவைப்படும் கடன். மொத்தப் பயிர்ச் செலவு 48,000 என்பதால் அந்தத் தொகையைக் கடனாகக் கேட்பதும், நிலத்தின் மதிப்புக்கு இன்னும் அதிகமாகத் தருகிறார்கள் என்பதற்காக அதை வாங்குவதும், இந்தக் கணக்கைப் போடாததால் நேர்பவை.

படி 3: மோசமான ஆண்டைக் கொண்டு வரவைக் கணியுங்கள்

கடன் விண்ணப்பங்களில் சராசரி விளைச்சலை எழுதுவது வழக்கம். கடன் முறிவதோ சராசரிக்குக் கீழே இறங்கும் ஆண்டில். எனவே கடந்த ஐந்து ஆண்டு விளைச்சலை நினைவிலிருந்தும் பழைய விற்பனைச் சீட்டுகளிலிருந்தும் எழுதி, அவற்றுள் மிகக் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் அவை 30, 27, 31, 18, 26 மூட்டைகள் எனக் கொள்வோம். இவற்றுள் 18-தான் நமக்கு வேண்டிய எண். வீட்டு உணவுக்கு 3 மூட்டை போக, விற்பனைக்கு எஞ்சுவது 15.

விலையையும் தாழ்வாகவே வைக்க வேண்டும். வறட்சியால் வட்டாரம் முழுதும் விளைச்சல் குறைந்தால் விலை ஏறக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வயலில் மட்டும் பூச்சி விழுந்தாலோ, தொலைவிலுள்ள பகுதிகளில் அமோக விளைச்சல் கண்டு சரக்கு வந்து குவிந்தாலோ, குறைந்த விளைச்சலும் குறைந்த விலையும் ஒருசேர வரும். நல்ல விலை மூட்டைக்கு 3,600 என்றால், இங்கே 3,000 என்று வைத்துக்கொள்வோம். வரவு 45,000.

இந்த 45,000 முழுவதையும் கடனுக்குக் கட்ட முடியாது. அடுத்த ஆறு மாதம் வயலில் பயிர் இல்லாமல் வீட்டை ஓட்ட மாதம் 1,500 வீதம் 9,000 தேவை. அதை ஒதுக்கினால் மிஞ்சும் 36,000-தான் மோசமான ஆண்டில் இந்தக் குடும்பத்தின் திருப்பிச் செலுத்தும் திறன். நல்ல ஆண்டில், 30 மூட்டை விளைந்து 27 விற்றால், இதே கணக்கு 88,200 என்று வரும். இந்த இரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பார்த்தால், அதே விவசாயி ஓர் ஆண்டில் நாணயமானவராகவும் மறு ஆண்டில் தவணை தவறியவராகவும் பதிவேட்டில் ஏறுவது ஏன் என்பது விளங்கும்.

படி 4: தேவையையும் திறனையும் அருகருகே வையுங்கள்

ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் ஆறு மாதத்துக்கு 42,000 வாங்கினால் வட்டி 2,520. கட்ட வேண்டியது 44,520. திறன் 36,000. இடைவெளி 8,520. இதைக் கடன் வாங்கும் முன்பே அடைக்க வழி தேட வேண்டும். வாங்கிய பின் தேடினால் பெரும்பாலும் கிடைப்பது இன்னொரு கடன்தான்.

"பரப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரை உடனே வரும். அதை ஏற்கும் முன் கணக்கைத் திரும்பப் போடுங்கள். பரப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் பயிர்ச் செலவு 38,400 ஆகி, தேவைப்படும் கடன் 32,400-ஆகக் குறையும், வட்டியுடன் 34,344. ஆனால் மோசமான ஆண்டின் விளைச்சலும் 14.4 மூட்டையாகிவிடும், திறன் 25,200-க்கு இறங்கும். இடைவெளி 9,144 ஆகிறது, அதாவது முன்பைவிடப் பெரிது. வீட்டுச் செலவு பரப்போடு சேர்ந்து குறைவதில்லை என்பதே காரணம்.

மாறாக, பயிர் சாராத வரவு மாதம் 750 கூடினால், பருவத்தின் ஆறு மாதத்தில் கடன் தேவை 37,500-ஆகக் குறைகிறது, வட்டியுடன் 39,750. அறுவடைக்குப் பிந்தைய ஆறு மாதப் பற்றாக்குறையும் பாதியாவதால் திறன் 40,500-க்கு உயர்கிறது. இடைவெளி மறைந்துவிடுகிறது. பயிர்க்கடனைக் காப்பாற்றுவது பல வீடுகளில் ஒரு கறவை மாடோ, பருவமில்லாக் காலக் கூலி வேலையோதான். கடன் அதிகாரிகள் இந்த வரவுகளை விண்ணப்பத்தில் கேட்டு எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்குப் பின்னும் ஒன்றைக் கவனியுங்கள். தொடக்கத்தில் இருந்த 15,000 கைமுதல் இந்தக் கணக்கில் திரும்பி வரவில்லை. மோசமான ஆண்டுக்குப் பின் அடுத்த பருவம் வெறுங்கையோடுதான் தொடங்கும். ஆகவே நல்ல ஆண்டின் மிச்சத்திலிருந்து முதலில் அந்தக் கைமுதலைத் திரும்பச் சேர்த்துவிட்டு, பிறகே மற்றச் செலவுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

படி 5: வட்டியின் உண்மை அளவைப் பாருங்கள்

"12 விழுக்காடு" என்று இருவர் சொன்னால் இருவரும் ஒன்றையே சொல்வதாகக் கொள்ளக் கூடாது. 12,000 கடனை 12 மாதத் தவணையில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் வட்டி போட்டால் ஆண்டு முழுவதற்குமான வட்டி ஏறத்தாழ 794. தொடக்க அசலுக்கே கடைசிவரை வட்டி போடும் ஃப்ளாட் முறையில் அது 1,440. கட்டி முடித்த அசலுக்கும் வட்டி கட்டுவதால், உண்மையில் அந்தக் கடனின் வட்டி 21 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 விழுக்காடு. செயலாக்கக் கட்டணமாக 3 விழுக்காடு பிடித்தால், ஆறு மாதக் கடனில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுதல் வட்டிக்குச் சமம்.

ஆகவே கேட்க வேண்டியவை இரண்டே: கையில் எவ்வளவு தருவீர்கள்? எந்தெந்தத் தேதியில் எவ்வளவு கட்ட வேண்டும்? இவற்றுக்கு எழுத்தில் விடை தராதவரிடம் கையெழுத்துப் போட வேண்டாம்.

இடுபொருள் கடையிலோ வியாபாரியிடமோ வாங்கும் கடனில் வட்டி என்ற பெயரே இருக்காது. உரத்தின் விலையில் ஒரு பகுதியாகவும், அறுவடையின்போது விளைபொருளுக்குக் குறைத்துத் தரும் விலையில் ஒரு பகுதியாகவும் அது மறைந்திருக்கும். அதே பொருளை ரொக்கத்துக்கு வாங்கினால் என்ன விலை, வேறொருவருக்கு விற்றால் என்ன விலை என்று ஒப்பிட்டுப் பார்த்தால் அது வெளிப்படும்.

கடனைத் தவணை தவணையாக எடுக்க அனுமதிக்கிறார்களா என்றும் கேளுங்கள். நம் எடுத்துக்காட்டில் முழுத் தொகையையும் முதல் நாளே வாங்காமல், ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் அந்தந்த மாதத் தேவையை மட்டும் எடுத்தால் வட்டி 2,520-இலிருந்து 1,285-ஆகக் குறைந்துவிடும்.

படி 6: கடன் கொடுப்பவரின் தயக்கத்துக்கு விடை எடுத்துச் செல்லுங்கள்

சிறு கடனுக்கும் பெருங்கடனுக்கும் எழுத்து வேலை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் சிறு கடனில் வரும் வட்டி குறைவு. ஒரே வறட்சி வட்டாரத்துக் கடன்கள் அனைத்தையும் ஒன்றாகச் சாய்த்துவிடும். கேட்பவர் எப்படிப்பட்டவர் என்பதும் தொலைவில் இருப்பவருக்குத் தெரியாது. ஸ்டிக்லிட்ஸ், வைஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 1981-இல் விளக்கியதுபோல, அந்தத் தெரியாமையை வட்டியை உயர்த்திச் சரிக்கட்ட முயன்றால், நிதானமானவர்கள் விலகி, துணிந்து இறங்குபவர்களே வரிசையில் எஞ்சுவார்கள். அதனால் வட்டியை ஏற்றுவதற்குப் பதிலாகக் கடனையே மறுத்துவிடுகிறார்கள்.

ஒருவரையொருவர் அறிந்தவர்கள் சேர்ந்து பொறுப்பேற்பது இதற்குப் பழைய விடை. ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் 1864-இல் தொடங்கிய கிராமக் கடன் சங்கத்தின் அடிப்படை அதுவே. மலாவியில் மிளகாய் வகைப் பயிரொன்றைப் பயிரிட்ட விவசாயிகளிடம், வேறு பெயரில் மீண்டும் வந்து கடன் வாங்க முடியாதபடி கைரேகை பதிந்து கடன் கொடுத்தபோது, தவணை தவறக்கூடியவர்கள் எனக் கணிக்கப்பட்டவர்களும் கூடுதலாகத் திருப்பிச் செலுத்தினார்கள். பெயர் நிலைத்து நின்றால் நாணயத்துக்கு மதிப்பு உண்டு என்பதை அது காட்டியது. ஆகவே நில ஆவணத்தோடு, அல்லது குத்தகைதாரராயின் குத்தகை எழுத்தோடு, பழைய விற்பனைச் சீட்டுகள், பால் கணக்கு, முன்பு கட்டி முடித்த கடன்களின் ரசீதுகள், இந்தக் கணக்குத் தாள் ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். நிலம் தம் பெயரில் இல்லாத பெண் விவசாயிகளுக்கு இந்தக் காகிதங்களே பெரும்பலம்.

படி 7: தவணைத் தேதியை அறுவடையோடு பொருத்துங்கள்

வாரத் தவணைக் கடன் பால் மாடு வைத்திருப்பவருக்கும் சிறு கடைக்காரருக்கும் பொருந்தலாம். ஆறு மாதப் பயிருக்குப் பொருந்தாது. கொல்கத்தாவில் சிறு தொழில் செய்தவர்களுக்கு முதல் தவணைக்கு முன் இரண்டு மாத அவகாசம் கொடுத்துப் பார்த்ததில் அவர்களுடைய முதலீடும் லாபமும் உயர்ந்தன. கூடவே தவணை தவறியவர்களும் அதிகரித்தார்கள். எனவே அவகாசம் கேட்பவர், கடைசித் தேதியில் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

தவணைத் தேதி அறுவடை நாளிலேயே விழுந்தாலும் சிக்கல்தான். எல்லோரும் விற்கும் வாரத்தில் விலை தாழ்ந்திருக்கும். கென்யாவில் அறுவடைச் சமயத்தில் கடன் கொடுத்து, மக்காச்சோளத்தைச் சேமித்து வைத்துப் பின்னர் விற்க உதவியபோது விவசாயிகளின் வருவாய் கூடியது. சேமிக்க முடிந்த தானியமாக இருந்தால், அறுவடைக்குப் பின் இரண்டு மூன்று மாதம் தள்ளிய தேதியைக் கேட்டுப் பாருங்கள். அழுகும் காய்கறிக்கு இது உதவாது.

காப்பீடு இருந்தால், இழப்பை வயலில் வந்து அளக்கிறார்களா, வட்டார மழையளவைக் கொண்டு தீர்மானிக்கிறார்களா என்று கேட்டு அறியுங்கள். இரண்டாவது முறையில் உங்கள் பயிர் கருகியும் மழைமானிப் பதிவு போதுமானதாக இருந்தால் பணம் வராது; ஆகவே படி 3-இன் திறனில் காப்பீட்டுத் தொகையைச் சேர்க்காமல் விடுவதே நல்லது.

படி 8: பயிர் பொய்த்தால்

பொய்க்கும் என்று தெரிந்த நாளிலேயே, தவணைத் தேதிக்கு முன்பாக, கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். கட்ட முடிந்த பகுதியைக் கட்டிவிட்டு, எஞ்சியதை அடுத்த அறுவடைக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். நம் எடுத்துக்காட்டில் 36,000 கட்டி, 8,520-ஐ மாற்றக் கேட்கலாம். மாற்றிய தொகைக்கு என்ன வட்டி, அபராதம் உண்டா, பதிவேட்டில் தவணை தவறியவர் என்று ஏறுமா என்ற மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள். முதல் கடனை அடைக்க அதைவிட அதிக வட்டிக்கு வேறோரிடம் வாங்க வேண்டாம். உழவு மாட்டையும் விதைக்கு வைத்திருப்பதையும் விற்க வேண்டாம், அவை போனால் அடுத்த பருவத்தில் கட்டுவதற்கான வழியும் அடைபடும். மாற்றித் தந்த தொகையை அடுத்த பருவத்தின் கணக்குத் தாளில் முதல் வரியாக எழுதிவிட்டு, படி 1-இலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.