ஆவியில் அனல்: வைராக்கியத்தில் நாம் செய்யும் தவறுகள்

கோடை விடுமுறை வந்தால் நம் குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் தொட்டு நாகர்கோவில் வரை எங்காவது ஒரு மைதானத்தில் கன்வென்ஷன் (நற்செய்திக் கூட்டம்) பந்தல் நிற்கும். நல்ல பாட்டு, நல்ல செய்தி, கடைசி நாள் அர்ப்பணிப்பு அழைப்பு. அன்று முன்னால் போய் அழுதவர்களில் பலர் அடுத்த மாதம் வேதத்தைத் திறப்பதே இல்லை. இதற்குக் கூட்டத்தைக் குறை சொல்ல முடியாது. அந்த நேரத்து உணர்ச்சியையே வைராக்கியம் என்று எண்ணிக்கொள்வதுதான் முதல் தவறு. உணர்ச்சி அடங்கியதும் "அனல் அணைஞ்சு போச்சு" என்று பயந்து அடுத்த பந்தலைத் தேடுகிறோம். ரோமர் 12:11ல் பவுல் ஆவியில் அனலாயிருக்கச் சொல்கிறார். அதற்கு முன்னால் அசதி கூடாது என்கிறார், பின்னால் கர்த்தருக்கு ஊழியம் செய்யுங்கள் என்கிறார். இரண்டுமே வேலை சம்பந்தப்பட்டவை. சத்தத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

அப்படியானால் ஓயாமல் வேலை செய்தால் போதுமா? இது அடுத்த தவறு. கொயர், வாலிபர் ஐக்கியம், ஓய்வுநாள் பள்ளி, அசனக் (சபை விருந்து) கமிட்டி என்று எல்லாவற்றிலும் பெயர் இருக்கும். தனி ஜெபத்துக்கு மட்டும் நேரம் இருக்காது. லூக்கா 10ல் விருந்து வேலையில் பரபரத்த மார்த்தாளிடம் இயேசு சொன்னது சமையலுக்கு எதிரான பேச்சு அல்ல. பலதையும் நினைத்துக் கவலைப்பட்டுக் கலங்கியதைத்தான் சுட்டிக்காட்டினார். (இன்னொரு மார்த்தாளும் நம் ஊருக்கு உண்டு. மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது பலருக்குப் பிழைப்பானது. கைவேலையும் ஊழியந்தான்.)

முழு இரவு ஜெபம், நீண்ட உபவாசம் என்று தொடர்ந்து உடம்பை வருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் வெட்டத் தெரிந்தவர் பட்டையை ஆழமாகக் கீற மாட்டார், நாள்விட்டு நாள்தான் வெட்டுவார். பேராசைப்பட்டால் பால் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளை வென்ற எலியா தீர்க்கதரிசி அடுத்து சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்டார். தேவன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார், அடையும் தண்ணீரும் கொடுத்து எழுப்பினார், மறுபடியும் தூங்கவிட்டார். வறண்டுபோன ஒருவரிடம் "இன்னும் ஜெபிக்கணும்" என்று மட்டும் சொல்லி அனுப்புகிற மூப்பர்கள் 1 இராஜாக்கள் 19ஐ ஒருமுறை வாசிக்கலாம்.

அறிவில்லாத வைராக்கியம் பற்றி ரோமர் 10ல் பவுல் எழுதியதும் நமக்குப் பொருந்தும். இங்கே ஒரே குடும்பத்தில் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே எல்லாம் உண்டு. இழவு வீட்டில்கூட முழுக்கு ஞானஸ்நானம் பற்றி வாதம் தொடங்குகிறவர் தன்னை அனலுள்ளவர் என்று நினைக்கிறார். அழுகிறவர்களோடு அழச் சொன்ன வசனமும் அதே ரோமர் 12ல்தான் இருக்கிறது.

என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, வைராக்கியத்தை ஆலய வாசலோடு நிறுத்திக்கொள்வது. விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த தேவசகாயம் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டதைச் சொல்லி முடித்துவிடுகிறோம். முந்திய ஆண்டுகளையும் பார்க்க வேண்டும். சொத்து இழந்து மனம் நொந்திருந்த அந்த நட்டாலத்துக்காரருக்கு, குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார். கேட்டு, விளங்கி, 1745ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1749ல் கைது, பிறகு மூன்று ஆண்டு வதை. சாதி பாராமல் எல்லாரோடும் பழகியது அவருடைய விசுவாசத்தின் பகுதியாகவே இருந்தது. 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது நம் மாவட்டம் கொண்டாடியது. அதே மாவட்டத்தில் தரகரிடம் வரன் சொல்லும்போது சபைக்கு முன்னால் சாதி வருகிறது.

சீதனமும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் விடாத வீடாக இருக்கும். மகனுக்குப் பெண் பார்க்கப் போனால், "நாங்க ஒண்ணும் கேக்கேல்ல, உங்க பிள்ளைக்கு உள்ளத நீங்க குடுங்க" என்பார்கள். எத்தனை பவுன் என்று தெரியும்வரை "ஜெபிச்சிட்டுச் சொல்லுதோம்" என்பதே பதில். ஜெபத்தைப் பேரத்துக்கு அவகாசம் வாங்கப் பயன்படுத்துவதைவிட, வெளிப்படையாகப் பேரம் பேசுவதில் நேர்மை அதிகம். எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யச் சொல்லும் கொலோசெயர் 3:23, வேலைக்காரர்களுக்கு எழுதிய பகுதியில் வருகிறது. அவர்களுடைய அன்றாட வேலையே அங்கே ஆராதனையாகிறது. நமக்கு அது ஏலக்கூடத்து எடையாக, அலுவலக மேசையாக, கூலி கொடுக்கும் சனிக்கிழமையாக, பெண்வீட்டுத் திண்ணையாக இருக்கலாம்.

பிள்ளைகளின் விஷயத்தில் ஒன்று. ராத்திரி குடும்ப ஜெபத்தை ஒருமணி நேரம் இழுத்து, தூங்கி விழும் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், சின்ன ஜெபம் போதும். அன்று அப்பா யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால், பிள்ளை பார்க்கவே கேட்கலாம்.